பத்துப் பேர் மேசைக்கு நீங்கள் மட்டும் ஏன் பணம் கட்ட வேண்டும்?

கேள்வி: வயது 31. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ஐடி வேலை, கைக்கு 2,700 யூரோ வருகிறது. மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து என் அத்தை மகனும் அவன் நண்பர்களும் இரண்டு வருடமாக வருகிறார்கள். "நீ அங்கேயே இருக்கே மச்சான், இப்ப நீ போடு, அப்புறம் கணக்குப் பாத்துக்கலாம்" என்பான். போன வருடம் பீர் கூடாரத்தில் பத்துப் பேர் மேசை, இரண்டு இரவு தங்க அறை, பீர் எல்லாம் சேர்த்து 2,300 யூரோ என் கணக்கிலிருந்து போனது. திரும்பி வந்தது 700. இப்போது சம்பளம் வந்து வாடகை போன பிறகு கணக்கு 2,600 மைனஸ். வட்டி 12 சதவீதம். இந்த முறை மேசை கிடைக்கவில்லை. இணையத் தரகர் ஒருவர் சனிக்கிழமை மாலை மேசைக்கு 3,200 யூரோ கேட்கிறார். மாதம் 150 வீதம் 24 தவணையில் கட்டலாமாம். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். டிஸ்போ, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க வங்கி விடும் கடன், அதற்கு வட்டி அதிகம் என்பது உங்களுக்கே தெரியும், அதை நான் விளக்கத் தேவையில்லை. உங்களைக் கெடுப்பது பீரும் அல்ல, மியூனிக்கும் அல்ல. அடுத்தவர் பங்கை முன்கூட்டிக் கட்டிவிட்டு, பிறகு கேட்கக் கூச்சப்படுகிறீர்களே, அந்தப் பழக்கம்தான்.

கூடாரத்தில் பரிமாறும் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டர் மாஸ் குவளை காலியாக இருந்தாலே ஒரு கிலோவுக்கு மேல் எடை. நிரம்பிய குவளைகள் பத்தை நெஞ்சோடு அணைத்தபடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருவார். மேசையில் வைத்த கையோடு இடுப்புப் பையைத் திறப்பார். காசு வாங்காமல் நகர மாட்டார். காரணம், அந்த பீரைத் தன் பொறுப்பில் முதலாளியிடமிருந்து எடுத்து வருகிறார். நீங்கள் தராவிட்டால் அது அவர் தலையில் விழும். சுற்றுக்குச் சுற்று அவருக்குக் காசு எண்ணிக் கொடுத்தவர் நீங்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஒன்பது பேரிடம் அப்போதே வாங்காமல் விட்டவரும் நீங்கள்தான்.

கணக்கைப் பார்ப்போம். 2,300-ஐப் பத்தால் வகுத்தால் தலைக்கு 230. மற்றவர்கள் தர வேண்டியது 2,070, தந்தது 700. பாக்கி 1,370 யூரோ. அதற்கு முந்தைய வருடப் பாக்கியை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அந்த மைனஸில் அதுவும் இருக்கும் என்று நினைக்கிறேன். 2,600-க்கு 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு 312, மாதம் 26 யூரோ. 2025-இல் ஒரு மாஸ் 14.50 முதல் 15.80 யூரோ வரை விற்றது. மாதாமாதம் கிட்டத்தட்ட இரண்டு மாஸ் விலையை வங்கிக்குக் கொடுக்கிறீர்கள்.

இனி தரகர் விஷயம். விழாவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. கூடார நடத்துநரிடம் நேரடியாக மேசை பதிவு செய்தால், வழக்கமாகத் தலைக்கு இரண்டு மாஸ், அரைக் கோழி அளவுக்குக் கூப்பன் வாங்கச் சொல்வார்கள். சுமார் 50 யூரோ என்று வைத்தாலும் பத்துப் பேருக்கு 500. மிச்சம் 2,700 யாருக்குப் போகிறது? தவணைக்காரர்களுக்கு மேலும் 400 (24 x 150 = 3,600). இப்படி மேசையை விலையேற்றி விற்பதற்கு எதிராக ஒரு நடத்துநர் வழக்குப் போட்டு, 2021-இல் மியூனிக் நீதிமன்றத்தில் ஜெயித்தும் இருக்கிறார். காசு கட்டிய பிறகு வாசலில் திருப்பி அனுப்பினால் தவணை மட்டும் நிற்காது. செல்போனில் ஒரு தட்டு தட்டினால் போதும் என்று வரும் இந்தத் தவணைத் திட்டங்கள் மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை. கடன் வாங்குகிறோம் என்ற உணர்வே வராமல் செய்துவிடுகின்றன.

மேசை இல்லாவிட்டால் விழா இல்லை என்றும் ஆகிவிடாது. முன்பதிவு இல்லாமல் வருபவர்களுக்குக் கூடாரங்களில் இடம் விட்டுவைக்க வேண்டும் என்பது நகராட்சி விதி. வாரநாளில் பீர் 10 மணிக்கே ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். செவ்வாய் அல்லது புதன் மதியத்துக்கு முன் போங்கள், நாலைந்து பேருக்கு இடம் கிடைத்துவிடும். பத்துப் பேர் சேர்ந்து சனிக்கிழமை மாலை போனால்தான் திண்டாட்டம். தங்குவது ஆக்ஸ்பர்கில் உங்கள் வீட்டில், தரையில் பாய் போட்டாவது. ரயிலில் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். விழாச் சமயத்தில் மியூனிக்கில் அறை வாடகை கொடுப்பதைப் போல வீண் வேறில்லை. இப்படிப் போனால் இரண்டு மாஸ், கோழி, ஒரு பிரெட்ஸெல், ரயில் என்று தலைக்கு 80 யூரோவுக்குள் முடிக்கலாம்.

அத்தை மகனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்குக் கஷ்டம். புரிகிறது. சொந்தத்தில் காசு கேட்டால் "வெளிநாட்டுக்குப் போனதும் கணக்குப் பார்க்கிறான்" என்று அத்தை வரைக்கும் பேச்சு போகும். போகட்டும். இன்றே எழுதுங்கள்: "மச்சான், என் கணக்கு மைனஸில் இருக்கு. போன வருஷம் ஆளுக்கு 230. யார் யார் இன்னும் தரலைன்னு பட்டியல் அனுப்பியிருக்கேன். இந்த வருஷம் அவங்கவங்க காசை அவங்கவங்களே அங்கேயே கொடுத்துக்கலாம், நான் முன்பணம் போட முடியாது." கோபமாக எதுவும் சேர்க்காதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். ஒரு மாதம் பாருங்கள். தராதவர் பாக்கியை மறந்துவிடுங்கள், அவருக்காக மறுபடி பணப்பையைத் திறக்காதீர்கள்.

அப்புறம், அந்த 2,600. உங்கள் வங்கியிலேயே கேட்டு அதைச் சாதாரணத் தவணைக் கடனாக மாற்றுங்கள், பெரும்பாலும் டிஸ்போவைவிட வட்டி குறைவு. ஆறு மாதம் விடாமல் டிஸ்போ வரம்பில் முக்கால் பங்குக்கு மேல் ஒருவர் எடுத்திருந்தால், மலிவான வழியைப் பற்றிப் பேச வங்கியே முன்வர வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. அப்படிக் கடிதம் ஏதாவது வந்திருந்து, விளம்பரம் என்று ஒதுக்கிவைத்தீர்களா என்று தேடிப் பாருங்கள். மாற்றிய அன்றே டிஸ்போ வரம்பை 500-க்குக் குறைக்கச் சொல்லுங்கள். வீஸ்ன் (அக்டோபர்ஃபெஸ்டை அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) செப்டம்பர் மத்தியிலேயே தொடங்கிவிடும். அதற்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.