பேய்க் கதையில் கெட்டவன் எண்ணெய்க் கொப்பரையில் விழுந்தே ஆக வேண்டுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: ஒரு பாலம் இடிந்து பள்ளிப் பிள்ளைகள் சாகிறார்கள். கமிஷன் அடித்துக் கட்டிய காண்டிராக்டர் பிறகு மாரடைப்பில் செத்து நரகத்துக்குப் போகிறான், பிள்ளைகள் சொர்க்கத்துக்குப் போகிறார்கள். நண்பர்களிடம் காட்டினால் "முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது" என்கிறார்களாம். நன்மை, தீமை, மறுமை என்று எழுதப் போனாலே இப்படித்தான் ஆகுமா என்று கேட்கிறார்.

ஆகாது. உங்கள் நண்பர்கள் சொன்னது சரி, ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்ட பொருள்மேல் பழி போடாதீர்கள். ஆபீஸ் வேலை முடித்து வந்து ராத்திரியில் எழுதுகிற ஆள் என்று நினைக்கிறேன். படித்த பேய்க் கதைகளைவிட பார்த்த பேய்ப் படங்கள் அதிகமாக இருக்கும். கெட்டவனை மேலே இருப்பவர் கவனித்துக்கொள்வார் என்ற முடிவு அங்கிருந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். நம் ஊர்ப் பழைய கதைகள் அப்படி இல்லை.

பழையனூர் நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 'நீலிக் கண்ணீர்' என்கிறோமே, அந்த நீலிதான். அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் நடுவே திருவாலங்காடு இருக்கிறது, அதை ஒட்டியது பழையனூர். என் அம்மா பிறந்தது அந்தப் பக்கம்தான், அதனால் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த கதை இது. பெயர்களும் சாதியும் சொல்பவரைப் பொறுத்து மாறும், எலும்புக்கூடு மாறாது. ஒருவன் கட்டின மனைவியைக் காட்டுக்குள் வைத்துக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். ஜோசியம் பார்த்து, கையில் ஒரு மந்திரக் கத்தி இருக்கும்வரை அவனுக்கு ஆபத்தில்லை என்று சொல்லி அனுப்புகிறார்கள். பழையனூர்ப் பக்கம் வரும்போது நீலி பார்த்துவிடுகிறாள். கள்ளிக் கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏன் என்னை விட்டுவிட்டுப் போகிறீர்கள்?" என்று பின்னாலேயே வருகிறாள். அவன் அலறிக்கொண்டு ஊருக்குள் ஓடுகிறான்.

அடுத்து வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஊர் வெள்ளாளர்கள் 70 பேர் கூடுகிறார்கள். யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் குடிகாரன் இல்லை. இரண்டு தரப்பையும் கேட்கிறார்கள். அவன் "இவள் பேய்" என்கிறான். அவள் "எவளோ ஒருத்தி பேச்சைக் கேட்டுக்கொண்டு என்னைப் பேய் என்கிறார்" என்று அழுகிறாள். குழந்தையைக் கீழே விட்டுப் பார்க்கிறார்கள், அது நேராக அவனிடம் ஓடி "அப்பா" என்று காலைக் கட்டிக்கொள்கிறது. சாட்சி அதோடு முடிந்தது. ராத்திரி ஒரே அறையில் தங்கச் சொல்கிறார்கள். அவள், "கையில் கத்தி இருக்கிறதே, என்னைக் கொன்றுவிடுவாரே" என்கிறாள். நியாயமான பயம்தானே? கத்தியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். "உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் 70 பேரும் உயிரை விடுகிறோம்" என்று அவனுக்கு வாக்கும் கொடுக்கிறார்கள்.

விடிந்ததும் கதவைத் திறந்தால் வணிகன் வயிறு கிழிந்து கிடக்கிறான். சொன்ன சொல்லுக்காக அத்தனை பேரும் தீயில் இறங்குகிறார்கள். பாட்டி சொன்னதில் ஒருவர் மட்டும் அப்போது வயலில் உழுதுகொண்டிருந்தார். செய்தி கேட்டு அங்கேயே ஏர்க் கொழுவில் பாய்ந்து உயிரை விட்டார் என்பாள். சேக்கிழார் தொண்டை நாட்டின் பெருமையைப் பாடும் இடத்தில் இந்தச் சொல் காத்தவர்களையும் சேர்த்தே பாடுகிறார். அவருக்குச் சில நூறு ஆண்டுகள் முன்பே சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில், வஞ்சம் செய்து உயிர் வாங்கிய ஒருத்தியின் கதையைக் கேட்டு அஞ்சுகிற ஊராகப் பழையனூர் வருகிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே பழைய கதை!

சரி, இதில் கெட்டவர் யார்? கொலைகாரன் செத்தான், ஆனால் செய்தது அவனுக்கு ஞாபகமில்லாத பிறவியில். நீலிக்கு நியாயம் கிடைத்தது, ஆனால் குற்றமே செய்யாத 70 பேர் அதற்குக் கூலி கொடுத்தார்கள். ஒழுங்காக விசாரித்ததுதான் அவர்கள் செய்த ஒரே வேலை. ஒரு அசட்டுப் பஞ்சாயத்து இருந்து, "போய்யா, கத்தியை நீயே வெச்சுக்கோ" என்று விரட்டியிருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள். உங்கள் காண்டிராக்டர் கதையில் இப்படி ஒரு இடம் உண்டா?

இந்த இடத்தில் சிலர் கிளம்பி வருவார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் எந்தச் சாதிப் பெருமையும் பேச வரவில்லை. உயிரை விடுவதை நியாயம் என்றும் சொல்லவில்லை. பெண்ணை வஞ்சகப் பேயாக்கிய கதை என்று ஒருவர் எழுதுவார், அதில் பாதி உண்மை. ஆனால் அவளைக் கொன்றது யார் என்பதைக் கதை மறைக்கவே இல்லை, முதலில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறது. பேயை நம்புகிறாயா என்று கேட்பவர்களுக்கு: நம்பவில்லை. நம்பாமல் எழுதலாம்.

இத்தனை சூடாகப் பேசக் காரணம் உண்டு. ஈய எழுத்துக் காலத்தில் சென்னையில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத நாவல்கள் அடிக்கிற இடம். ஒரு ஃபாரம் என்றால் 16 பக்கம், நாவல் ஆறு ஃபாரம், 96 பக்கம். எழுத்தாளர் 88 பக்கத்திலேயே கதையை முடித்துவிட்டால் மிச்சம் எட்டுப் பக்கத்தை வெற்றாக விட முடியுமா? அந்த மாதிரி நேரத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஒரு பேய்க் கதை எழுதிக் குடுப்பா, நாளைக்குக் காலையில வேணும்" என்பார். பெயர் போட மாட்டார்கள். எழுதினேன்.

அதில் ஒரு கதை எனக்குப் பிடித்தது. ஒரு கிராமத்துக் கணக்குப்பிள்ளை, யோக்கியமான மனிதர். ஒரு விதவையின் நிலக் கிரயத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார். அவள் அடமானம் என்று நினைத்துக் கைநாட்டு வைத்தது கிரயம் என்று பிறகுதான் தெரிகிறது. கிணற்றில் விழுந்து சாகிறாள். அப்புறம் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறாள். கழுத்தை நெரிப்பதில்லை, தலையை விரித்துப் போடுவதில்லை. "அந்தப் பத்திரத்தை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க சாமி" என்று கேட்கிறாள், அவ்வளவுதான். அவரும் நகலை எடுத்து வந்து நான்கெல்லை உட்பட வாசிக்கிறார். வருஷக்கணக்கில் இது நடக்கிறது. ஒருநாள் அவரும் சாகிறார். மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு பேருமாக நிலத்தை வாங்கியவன் வீட்டுத் திண்ணைக்குப் போகிறார்கள். அவர் பத்திரத்தைப் பிரிக்கிறார். கதை அங்கே முடிகிறது.

முதலாளி படித்துவிட்டு, "வாங்கினவனுக்கு என்ன தண்டனை? வாசகன் காசு குடுத்திருக்கான்பா" என்றார். அவரே கடைசிப் பத்தியை அடித்துவிட்டு, எமகிங்கரர்கள் வந்து நிலத்தை வாங்கியவனைக் கும்பீபாகத்தில் போட்டு வறுப்பதாக எழுதினார். பாகவதம் 28 நரகங்களைச் சொல்கிறது, அதில் அவருக்குப் பிடித்தது அந்த எண்ணெய்க் கொப்பரை ஒன்றுதான். எந்தக் கதையானாலும் கடைசியில் கொப்பரை வந்துவிடும்.

அச்சுக்குப் போகும் முன் கடைசிப் புரூஃப் என் மேஜைக்குத்தான் வரும். நான் கொப்பரையை அடித்துவிட்டு என் பத்தியைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். கம்பாசிட்டர் ஒரு முறை என் முகத்தைப் பார்த்தார். "அண்ணே, நான் எதுவும் பாக்கல" என்று சொல்லிவிட்டு எழுத்துக்களைப் பொறுக்க ஆரம்பித்தார். புத்தகம் கடைக்குப் போனபிறகுதான் முதலாளிக்குத் தெரிந்தது. சம்பளத்தில் பிடித்தார். நான் செய்தது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. "அப்புறம் அவன் என்ன ஆனான்?" என்று கேட்டு வாசகர் கடிதங்கள் வந்தன. கொப்பரைக் கதைகளுக்கு அப்படி ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

இதை எழுதும்போதே ஒரு எரிச்சல் வருகிறது, சொல்லிவிடுகிறேன். கணக்குப்பிள்ளை கதையைச் சில வருஷம் முன்பு முகநூலில் தட்டச்சு செய்து போட்டேன். ஒரு யூடியூப் சேனல்காரர் அதை அப்படியே எடுத்து, கரகரக் குரலில் படித்து, நாய் ஊளையிடும் சத்தம் சேர்த்து, 'உண்மைச் சம்பவம்' என்று தலைப்பு வைத்துப் போட்டிருக்கிறார். கிராமத்துக்கு ஒரு பெயரும் கொடுத்துவிட்டார்! கீழே போய் "இது என் கற்பனை" என்று எழுதினால், "பெருசு, உங்களுக்கு நடந்தா தெரியும்" என்று பதில் வருகிறது. புகார் கொடுத்தால் நான்தான் எழுதினேன் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். பெயர் போடாமல் அச்சான கதைக்கு ஆதாரத்துக்கு எங்கே போவது? பழைய பேப்பர்க்காரரிடமா? சரி, விடுங்கள். உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மறுமையைக் காட்ட ஆசை இருந்தால் மணிமேகலையில் கோதமை வருகிற இடத்தைப் படியுங்கள். புகார் நகரத்துச் சுடுகாடு. சார்ங்கலன் என்ற பையன் தனியாக உள்ளே போய், பிணம் தின்று கூத்தாடும் பேய்மகளைப் பார்த்துப் பயந்து, வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சாகிறான். அம்மா கோதமை பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய் நகரத்தின் காவல் தெய்வமான சம்பாபதியிடம் சண்டை போடுகிறாள். தெய்வம் என்ன சொல்கிறது? பேய் உன் மகனைக் கொல்லவில்லை, அவன் அறியாமையும் ஊழ்வினையும்தான் கொன்றன என்கிறது. "என் உயிரை எடுத்துக்கொள், இவன் பிழைத்தால் கண்ணில்லாத என் கணவனைப் பார்த்துக்கொள்வான்" என்கிறாள் கோதமை. அதற்கு வரும் பதில்தான் அபாரம்: உயிருக்கு உயிர் மாற்ற முடியுமானால் மன்னர்களுக்காக உயிர் கொடுக்க ஆளா இல்லை? இந்தச் சுடுகாட்டில் செத்த அரசர்களுக்கு ஆயிரம் சமாதிக் கோட்டங்கள் நிற்கின்றனவே, பார்க்கவில்லையா? அவள் அப்படியும் நம்பவில்லை. கடைசியில் தெய்வங்களையெல்லாம் வரவழைக்க வேண்டியிருக்கிறது. அத்தனையும் வந்து, எங்களாலும் முடியாது என்கின்றன. சாவுக்கு முன்னால் தெய்வமே கைவிரிக்கும் காட்சியை எழுதியவருக்கு எண்ணெய்க் கொப்பரை தேவைப்படவில்லை.

பேயை எப்படி எழுதுவது என்று கேட்டால் திரும்பவும் திருவாலங்காட்டுக்கே போகிறேன். காரைக்காலம்மையார் தானே பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொண்டவர், தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்பவர். அவருடைய மூத்த திருப்பதிகத்தில் ஒரு பேய் கள்ளிக் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கொள்ளிக் கட்டையை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டுகிறது. சிரிக்கிறது, தானே மிரள்கிறது, துள்ளுகிறது. பிணம் எரியும் தீ சுட்டுவிட, முகம் சுளித்து மண்ணை அள்ளிப் போட்டு அணைக்கப் பார்க்கிறது. மை இட்டுக்கொள்கிற பேய், தீ சுடுகிற பேய்! நீலி நடமாடிய அதே காட்டில் இது பக்தியோடு சேர்ந்து நிற்கிறது. நாய் ஊளை எதற்கு?

உங்கள் காண்டிராக்டரை மாரடைப்போடு விட்டுவிடுங்கள், செத்தபின் எங்கே போனான் என்று யாரும் கேட்கப் போவதில்லை. அந்தப் பாலத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட எஞ்சினியர் ஒருவர் இருப்பார் இல்லையா? அவரை நேர்மையானவராக வையுங்கள். பலம் சோதிக்க ஆய்வகத்துக்கு வந்த மாதிரிக் கான்கிரீட் கனசதுரம் நல்லது, பாலத்தில் போட்டது வேறு. அவருக்குத் தெரியாது. எல்லாம் விதிப்படிதான் செய்தார். பிள்ளைகள் அவர் வீட்டுக்கு வரட்டும். பழிவாங்க வேண்டாம், வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கு வரவில்லை, சொல்லிக் கொடுங்கள் என்று நோட்டை நீட்டட்டும். அவர் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இப்போது தெரியக் கூடாது, எழுதும்போது தெரிந்தால் போதும்.

முடித்ததும் இங்கேயே பதிலில் போடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன். முதல் பக்கத்திலேயே உங்கள் பெயரையும் தேதியையும் போட்டுவிடுங்கள்.