பேட்டரிப் பட்டறை வேலை: இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாதது ஏன்?

கடலூரில் பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையில் வேலை செய்யும் தம்பிக்கு ஹீமோகுளோபின் 9, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) சரியாக இருக்கிறது, மாத்திரையால் பலனில்லை என்கிறீர்கள். பேட்டரியில் இருக்கும் ஈயத்தைக் கட்டாயம் சந்தேகிக்க வேண்டும்.

எலும்பு மஜ்ஜையில் ஹீம் (ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதி) உருவாகும் வழியை ஈயம் இரண்டு இடங்களில் அடைக்கிறது. முதலில் அலாட் என்ற நொதி முடங்குகிறது. கடைசியில், ஹீமின் சட்டமான புரோட்டோபார்ஃபிரின் வளையத்துக்குள் இரும்பைப் பொருத்தும் ஃபெரோகெலட்டேஸ் என்ற நொதி முடங்குகிறது. இரும்பு கைவசம் இருந்தும் உள்ளே ஏறாது. அந்த இடத்தில் துத்தநாகம் உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு, 120 நாள் வாழவேண்டிய சிவப்பணுவும் சீக்கிரம் அழிகிறது.

கேட்க வேண்டிய பரிசோதனை ரத்த ஈய அளவு. சிரை ரத்தம், முழு ரத்தமாக இருக்கட்டும். சீரம் (அணுக்கள் நீக்கிய ரத்தநீர்) உதவாது, ஏனென்றால் ரத்தத்து ஈயத்தில் ஏறக்குறைய 99 சதவீதம் சிவப்பணுவுக்குள்தான். ஊசி போடும் இடத்தை முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோலில் உள்ள தூசியே கணக்கைக் கெடுக்கும். ஸ்மியரில் (கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தத்தில்) சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகள் தெரியலாம்; தெரியாவிட்டால் ஈயம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். தெரிந்தாலும் அது ஈயம்தான் என்றில்லை, தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையிலும் அவை வரும்.

டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினாலே ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலையை நிறுத்தாமல் மருந்து மட்டும் எடுப்பது வீண். ஈயத்தை வெளியேற்றும் கீலேஷன் மருந்தை, அளவையும் அறிகுறியையும் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார். அதற்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை பக்கம்தானே. எலும்பில் படிந்த ஈயம் பல வருஷம் கசியும், ஆகவே மறுபரிசோதனை அவசியம்.

பட்டறைத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அதற்கும் ஈய அளவு பாருங்கள்.