மாங்கோடிபி டேட்டாபேஸின் ரெப்ளிகா செட்டில் (ஒரே டேட்டாவின் நகல்களை வைத்திருக்கும் சர்வர் குழு) எல்லா சர்வருக்கும் ஒரே கீஃபைல் (ரகசியச் சாவி உள்ள ஃபைல்) வைத்தால் டேட்டா என்கிரிப்ட் ஆகிவிடுமா?

ஆகாது. கீஃபைல் என்பது சர்வர்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள மட்டும்தான். ஆப்லாக், அதாவது ஒரு சர்வரின் மாற்றங்களை மற்றவை நகலெடுக்கும் பதிவு, என்கிரிப்ட் ஆகாமல்தான் நெட்வொர்க்கில் போகும். அதை மறைக்க டிஎல்எஸ் (நெட்வொர்க்கில் போவதை என்கிரிப்ட் செய்யும் முறை) தனியாகப் போட வேண்டும். ‘எங்களுடையது பிரைவேட் நெட்வொர்க், அதெல்லாம் தேவையில்லை’ என்பார்கள். உள்ளே ஒரே ஒரு மெஷின் அத்துமீறுபவர் கைக்குப் போனாலும் அந்த வாதம் நிற்காது.

முதலில் கீஃபைல். ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியில் 756 பைட் ரேண்டம் எடுத்து பேஸ்64 (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக்கும் முறை) ஆக்குங்கள். 1008 எழுத்து வரும். உச்சவரம்பு 1024, அதனால்தான் அந்த எண். ஒரு சர்வரில் மட்டும் உருவாக்கி, மற்றவற்றுக்கு எஸ்சிபியில் (பாதுகாப்பாக ஃபைல் நகலெடுக்கும் கட்டளை) அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக உருவாக்கினால் சாவி பொருந்தாது, செட்டே சேராது.

பெரும்பாலும் மாட்டுவது பெர்மிஷனில். 400 வையுங்கள், அதாவது ஓனர் மட்டும் படிக்கலாம். குரூப்புக்கு ரீட் இருந்தாலே ‘டூ ஓப்பன்’ என்று லாகில் எழுதிவிட்டு மாங்கோடி (மாங்கோடிபியின் சர்வர் புரோகிராம்) நின்றுவிடும். ஃபைலின் ஓனர் ரூட்டாக இருந்தால் மாங்கோடியால் படிக்கவே முடியாது. அது எந்த யூசரில் ஓடுகிறதோ அந்த யூசர் பெயரில் இருக்க வேண்டும். அதிகாரப்பூர்வ டாக்கர் இமேஜில் அந்த யூசரின் எண் (யூஐடி) 999.

இன்னொன்று: கீஃபைல் போட்டதும் கிளையன்ட்களுக்கும் லாகின் கட்டாயமாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் செட் என்றால் முதலில் அட்மின் யூசரையும் அப்ளிகேஷன் யூசரையும் உருவாக்கி, டிரான்சிஷன்டுஆத் ஆப்ஷனோடு (லாகின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இணைப்பை ஏற்கும்) சர்வர்களை ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். எல்லாம் முடிந்தபின் அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டு இன்னொரு சுற்று ரீஸ்டார்ட்.

டிஎல்எஸ்ஸையும் ஒரே தாவலில் ரிக்வயருக்கு (டிஎல்எஸ் இல்லாத இணைப்பை ஏற்காத நிலை) கொண்டுபோகாதீர்கள். அலவ், பிரிஃபர், ரிக்வயர் என்று படிப்படியாகப் போனால் செட் உடையாது. டிஎல்எஸ்ஸுக்கு ஒவ்வொரு சர்வரிலும் வைக்கும் சர்டிஃபிகேட்டை வைத்துத்தான் ஒரு மெம்பர் மற்றதை அழைக்கவும் செய்கிறது. ஆகவே சர்டிஃபிகேட்டில் எக்ஸ்டெண்டட் கீ யூசேஜ் (அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பு) இருந்தால் சர்வர் ஆத், கிளையன்ட் ஆத் இரண்டும் அதில் இருக்கட்டும்.

கீஃபைலை கிட்டில் (கோடின் எல்லா பழைய வடிவங்களையும் சேமிக்கும் கருவி) போடுகிறவர்களை நினைத்தால்தான் ஆற்றாமையாக இருக்கிறது. பிறகு ஃபைலை அழித்தாலும் பழைய கமிட்டில் சாவி கிடக்கும். சாவியை மாற்றியே ஆக வேண்டும். மாங்கோடிபி 4.2 முதல் ஒரே ஃபைலில் பழையது, புதியது இரண்டையும் யாமல் வடிவப் பட்டியலாக வைக்கலாம். செகண்டரிகளை (நகல் வைத்திருக்கும் சர்வர்கள்) ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்து, பிரைமரியை (எழுத்துகளை ஏற்கும் முதன்மை சர்வர்) ஸ்டெப்டவுன் செய்து, அதாவது அந்தப் பொறுப்பிலிருந்து இறக்கி, கடைசியில் அதையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு பழைய சாவியை நீக்கிவிட்டு அதே வரிசையில் மறுபடி ஒரு சுற்று.