வெட்டிய மரம் பலகையாகும் வரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காற்றில் சாய்ந்த வேப்பமரத்தில் 12 அடி அடிக்கட்டை கிடைத்தது. நடுவில் சுற்றளவு 5 அடி. வியாபாரி 18.75 கன அடி என்கிறார். பள்ளிக்கூடக் கணக்குப்படி போட்டால் கிட்டத்தட்ட 24 வருகிறது. ஏமாற்றுகிறாரா? (வாசகர், தாராபுரம்)

பதில்: கணக்கில் ஏமாற்று இல்லை. உருட்டுக்கட்டைக்கு மர வியாபாரத்தில் கால் சுற்றளவுக் கணக்குதான் புழக்கம். சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுங்கள். வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தை அடியில் வைத்துப் பெருக்கி, 144 ஆல் வகுங்கள். உங்கள் கட்டைக்கு 15 × 15 × 12 ÷ 144 = 18.75. உண்மையான கொள்ளளவில் இது சுமார் 78 சதவீதம்தான். பட்டைக்கும் பக்கவெட்டுக்கும் தூளுக்கும் போகிற கழிவில் ஒரு பங்கை முன்கூட்டியே கழித்துவிடுகிற பழைய ஏற்பாடு அது.

உஷாராக இருக்க வேண்டிய இடம் வேறு. கட்டையை வாங்கும்போது கால் சுற்றளவு, அறுப்புக் கூலி கேட்கும்போது பள்ளிக்கூட வட்டக் கணக்கு என்று ஒருவரே இரண்டு கோல் பிடித்தால் கையைக் கடிக்கும். விலை பேசும்போதே எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள். நாடாவை நடுவில், புடைப்போ கணுவோ இல்லாத இடத்தில் சுற்ற வேண்டும். 2 அங்குலம் குறைத்துப் பிடித்தாலே இந்தக் கட்டையில் சுமார் 1.25 கன அடி காணாமல் போகும். அறுத்த சட்டத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது: அகலம், கனம் அங்குலத்தில், நீளம் அடியில், பெருக்கி 144 ஆல் வகுத்தால் முடிந்தது. நல்ல கட்டையில்கூடப் பாதிக்குச் சற்று மேல்தான் சட்டமும் பலகையுமாகக் கைக்கு வரும்.

கேள்வி: போன வருடம் அறுத்த வேப்பம் பலகைகள் வில்லாக வளைந்து, முனைகள் வெடித்துவிட்டன. வெயிலில் நன்றாகத்தான் காயவைத்தோம். என்ன தப்பு? (வாசகி, மணப்பாறை)

பதில்: வெயிலில் வைத்ததுதான் தப்பு. மரத்தின் ஈரம் பக்கவாட்டை விட முனை வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை சுருங்கும், உள்ளே இன்னும் சுருங்கியிருக்காது, இழுபறியில் பிளந்துவிடும். கட்டையைத் துண்டுபோட்ட அன்றே இரு முனைகளிலும் பழைய எனாமல் பெயின்ட்டையோ உருக்கிய மெழுகையோ கனமாகப் பூசுங்கள். மறுவாரம் பூசினால் பயனில்லை. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதற்குள் விழுந்திருக்கும்.

மரம் ஆண்டு வளையத்தின் சுற்றுவாக்கில் அதிகமாகச் சுருங்கும், மையத்திலிருந்து பட்டை நோக்கிக் குறைவாகச் சுருங்கும். அதனால்தான் பக்கத்திலிருந்து எடுத்த பலகை, பட்டைப் பக்கம் குழிந்து வளைகிறது. மரத்தின் மையம் உள்ள பலகை எப்படியும் வெடிக்கும். அதைச் சட்டத்துக்கு ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். வேம்புக்கு இன்னொரு குணமும் உண்டு: நார் மாறி மாறிச் சாய்ந்து ஓடும், அதனால் முறுக்கிக்கொள்ளும். அதை அடுக்கின் பாரத்தால்தான் அடக்க முடியும்.

அடுக்கும் முறை: தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கல்லோ கட்டையோ வைத்து மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே 1 அங்குலச் சதுர ரீப்பர் (மெல்லிய மரக்குச்சி), ஒன்றரை அடிக்கு ஒன்று. ரீப்பர் எல்லாம் ஒரே கனமாக, காய்ந்ததாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒன்றன் நேர்கீழே ஒன்றாக வர வேண்டும், ஒன்று விலகினாலும் அந்த இடத்தில் பலகை தொய்ந்துவிடும். கடைசி ரீப்பர் முனையை ஒட்டியே இருக்கட்டும். உச்சியில் ஹாலோ பிளாக் கல் ஏற்றி, மேலே ஓடோ தகரமோ போடுங்கள். பக்கங்களைத் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், காற்று போகாமல் பூஞ்சணம் பிடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் வேண்டியதில்லை. ஒரு பலகையில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை எடை போடுங்கள். மூன்று வாரம் எடை இறங்காமல் நின்றால் அந்த இடத்துக் காற்றுக்குக் காய்ந்தது. மழைக்காலத்தில் அப்படி நின்றாலும் நம்பாதீர்கள். தை, மாசியில் மறுபடி பாருங்கள். ஈர மரத்தில் கதவு போட்டு, பிறகு ஆசாரியைத் திட்டுவது நம் ஊர் வழக்கம்.

கேள்வி: மாமரப் பலகையில் கட்டில் செய்தோம். ஆறே மாதத்தில் சின்னச் சின்ன ஓட்டை, கீழே மாவு மாதிரி தூள். வார்னிஷ் அடித்தால் நிற்குமா? (வாசகர், பெரியகுளம்)

பதில்: நிற்காது. உள்ளே இருக்கும் புழு வண்டாகி வார்னிஷையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வார்னிஷ் செய்வதெல்லாம் புதிதாக முட்டை இடாமல் தடுப்பதுதான், அதுவும் அடிப்பக்கம், மூட்டுவாய் என்று எல்லா முகத்திலும் அடித்திருந்தால். இந்த வண்டுக்கு வேண்டியது மாவுச்சத்துள்ள வெள்ளைப்பகுதி. மாமரத்தில் பெரும்பகுதி அதுதான். தூள் கொட்டும் சட்டத்தைக் கழற்றி மாற்றுவதே மிச்சம்.

அடுத்த முறை பலகை பச்சையாக இருக்கும்போதே மருந்து ஏற்றுங்கள். மூன்று பங்கு வெங்காரம், இரண்டு பங்கு போரிக் ஆசிட், இரண்டையும் வெந்நீரில் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். அறுத்த அன்றே பலகையை இதில் சில நிமிடம் முக்கி, ரீப்பர் வைக்காமல் நெருக்கி அடுக்கி, பாலிதீன் போட்டு மூடிவிடுங்கள். 1 அங்குலப் பலகைக்கு மூன்று, நான்கு வாரம் ஆகும். ஈரத்தின் வழியாகத்தான் மருந்து உள்ளே போகும் என்பதால் காய்ந்த பலகையில் இது வேலைக்காகாது. பிறகு பிரித்துக் காயவையுங்கள். கையுறை அவசியம். மழையில் நனையும் சாமானுக்கும், காய்கறி வெட்டும் பலகைக்கும் இந்த மருந்து வேண்டாம்.

கேள்வி: எங்கள் மில்லில் பேண்ட்சா (பட்டை வாள்) கட்டைக்குள் நேராக இறங்கி, பாதியில் அலைகிறது. பலகை ஓர் இடத்தில் தடிமனாகவும் ஓர் இடத்தில் மெலிந்தும் வருகிறது. (வாசகர், செங்கோட்டை)

பதில்: முதலில் தூளைக் கையில் அள்ளிப் பாருங்கள். குருணையாக இருந்தால் வாள் வெட்டுகிறது. மைதா மாதிரி, சூடாக வந்தால் பல் மழுங்கிவிட்டது. எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் செட்டிங் குறை: ஒரு பக்கப் பல் அதிகம் விரிந்திருக்கிறது, வாள் அந்தப் பக்கமே இழுக்கும். இரு பக்கமும் மாறி மாறி அலைந்தால் வாளின் டென்ஷன் (இழுவிறைப்பு) குறைவு, அல்லது கட்டையைத் தள்ளும் வேகம் அதிகம். வேகம் கூடினால் பல் இடுக்கில் தூள் நிரம்பிப் பக்கவாட்டில் பிதுங்கும். அது வாளை ஒதுக்கும், சூடேற்றும், சூட்டில் பல் ஓரம் நீண்டு டென்ஷன் இன்னும் தளரும். கணுவில் மட்டும் விலகினால் சாணை பிடியுங்கள், வேறொன்றும் தேட வேண்டாம். பால் மரங்களில் வாளில் பிசின் படியும். சொட்டு நீர் விடுங்கள்.

வீட்டோரத்து மரம் என்றால் ஆணி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் இரும்பு பக்கத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: தோட்டத்துப் பனை இரண்டை வெட்டி ஓட்டு வீட்டுக்குக் கை (கூரைச் சட்டம்) போடலாமா? (வாசகர், உடன்குடி)

பதில்: ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். பழைய வீடு இடிக்கும் இடத்தில் பனங்கை கிடைத்தால் வாங்குங்கள். உளி வைத்துக் கொத்திப் பார்த்து, கறுப்பு வைரம் (கெட்டியான வெளிப்பகுதி) கனமாக உள்ளதை மட்டும் எடுங்கள்.

கேள்வி: கோடாலித் தலை ஆடுகிறது. தண்ணீரில் ஊறவைத்தால் இரண்டு நாள் சரியாகிறது, மறுபடி ஆடுகிறது. (வாசகர், தளி)

பதில்: ஊறவைத்துத்தான் கெடுத்திருக்கிறீர்கள். ஊறிய காம்பு இரும்புக்குள் உப்ப இடமில்லாமல் நார் நசுங்கும். காய்ந்தால் முன்னைவிட மெலிந்திருக்கும். நார் நேராக ஓடும் நன்கு காய்ந்த காம்பை எடுத்து, தலையின் கண்ணில் (காம்பு நுழையும் துளையில்) போகும் முனையில் கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வாளால் கீறல் போடுங்கள். தலையை மாட்டி, கீறலில் காய்ந்த மர ஆப்பை அடித்து இறக்குங்கள். ஆப்பு பச்சையாக இருந்தால் அதுவும் சுருங்கிக் கழன்றுவிடும். முனையில் ஆளிவிதை எண்ணெய் குடிக்கும்வரை தடவுங்கள். அதற்குப் பிறகும் ஆடினால் காம்பு கண்ணைவிட மெலிந்துவிட்டது என்று பொருள். ஆப்பு மேல் ஆப்பு அடிக்காமல் புதுக் காம்பு போடுங்கள்.