பட்டுப்புடவைக்கு அடியில் இருப்பது

கேள்வி: டெக்ஸாஸில் டாலஸ் பக்கம் 18 வருடமாக இருக்கிறோம். மகனுக்கு 20 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒரு வருடமாக எந்நேரமும் துப்பாக்கி உரிமை பற்றித்தான் பேச்சு. கல்லூரியில் அதற்கென்று ஒரு சங்கம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஷூட்டிங் ரேஞ்ச். ‘18 வயதில் ராணுவத்தில் சேரலாம், கடையில் கைத்துப்பாக்கி வாங்க மட்டும் 21 ஆக வேண்டுமா?’ என்று சாப்பிடும்போதுகூடச் சண்டை. அப்பாவுக்கும் அவனுக்கும் முட்டிக்கொள்கிறது. பெரியவர்கள் என்ற மரியாதையே போய்விட்டது. கோவிட் சமயத்தில் பயந்துபோய் இவர் வாங்கிய ஒரு கைத்துப்பாக்கி, அலமாரியில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை. ‘அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்’ என்று அப்பாவுக்கே மூன்று தடவை பாடம் எடுத்துவிட்டான். 15 வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். சில மாதமாக அறைக்குள் போனால் கதவைத் திறப்பதில்லை. இவன் பிரச்சினையில் அவளைக் கவனிக்கவும் முடியவில்லை. நம் வீட்டுப் பிள்ளை இப்படி ஆகலாமா? அவன் மனதை மாற்ற நான் என்ன பேசட்டும்?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட தாய், டெக்ஸாஸ்

பதில்: சகோதரி, சுருக்கி வெளியிட்டிருக்கும் உங்கள் கடிதம் உண்மையில் நான்கு பக்கம். மகனைப் பற்றி மூன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அலமாரியில் கிடக்கும் துப்பாக்கிக்கு இரண்டே வரி. நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இரண்டு வரியைத்தான்.

அதில் தோட்டா போட்டிருக்கிறதா, தனியாக இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். யாரும் தொடுவதில்லை என்று மட்டும் எப்படித் தெரியும்? நவராத்திரிக்கும் கல்யாணத்துக்கும் தவிர அந்தப் புடவைகளை நீங்களே தொடுவதில்லை. உங்கள் மகளுக்கோ அம்மாவின் புடவையை எடுத்துக் கட்டிப் பார்க்கிற வயது.

பிள்ளை கெட்டுப்போனான் என்று எழுதுகிற கடிதங்களை வருடக்கணக்காகப் படித்து வருகிறேன். குற்றச்சாட்டுகளின் நடுவே அந்தப் பிள்ளை செய்த நல்ல காரியம் ஒன்று அடையாளம் தெரியாமல் கிடக்கும். உங்கள் கடிதத்தில் அது அந்த மூன்று தடவை. உங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கிறீர்கள். ஆபத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். பார்த்துவிட்டுச் சும்மா இராமல் அப்பாவிடம் நேராகச் சொல்லியிருக்கிறான், அதுவும் மூன்று முறை. அதை நீங்கள் மரியாதைக் குறைவு என்று எழுதுகிறீர்கள். அடுப்பில் கேஸ் கசிகிறது என்று பிள்ளை சொன்னால், அப்பாவுக்கே பாடம் எடுக்கிறாயா என்றா கேட்பீர்கள்? பெரியவர்களுக்கு மரியாதை தர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் சரியாகச் சொன்ன பிள்ளையின் பேச்சைக் கேட்பதும் பெரியவர்களின் கடமைதான். உங்கள் கணவர் மூன்று முறை அந்தக் கடமையைச் செய்யவில்லை. நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவு என்றால் பள்ளிக்கூடத்தில் நடக்கும் படுகொலைதான் நம் நினைவுக்கு வரும். 2022இல் அந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் மேல். அதில் சுமார் 27,000 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் அப்படிச் செய்யும்போது, கையிலிருக்கும் துப்பாக்கி பெரும்பாலும் சொந்த வீட்டில் அப்பாவோ அம்மாவோ வைத்திருந்ததுதான். வேறு பல வழிகளில் முயன்றால் காப்பாற்ற ஓரளவு அவகாசம் கிடைக்கும்; துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. உங்கள் மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 15 வயதில் கதவைச் சாத்திக்கொள்ளாத பிள்ளை எங்கே இருக்கிறது? ஆனால் அவள் சாத்தும் கதவைப் பற்றியும், பூட்டாத அலமாரியைப் பற்றியும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டு, இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் எப்படி இருக்கிறீர்கள்?

இது நம் ஆட்களுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. நான் வளர்ந்த ஊரில் பருத்திக்கு அடிக்கிற மருந்து எல்லார் வீட்டிலும் திண்ணை மூலையில் இருக்கும். அம்மா திட்டியது, பரீட்சையில் தோற்றது, காதலித்தவன் கைவிட்டது என்று அந்த மருந்துக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு ராத்திரி கடந்திருந்தால் அவர்களில் பாதிப் பேர் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். இலங்கையில் 1995க்கு அப்புறம் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். அடுத்த இருபது ஆண்டில் அங்கே தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே போனது. மனிதர்களின் துக்கம் குறைந்துவிடவில்லை, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது நகர்ந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டத்துக்கு வருவோம். துப்பாக்கிக்குத் தாராளமான மாநிலம் என்று பெயரெடுத்த டெக்ஸாஸிலேயே, தோட்டா போட்ட துப்பாக்கியைப் பாதுகாக்காமல் போட்டு, 17 வயது ஆகாத பிள்ளை அதை எடுக்க இடம்கொடுத்தால் அது குற்றம். மிச்சிகனில் 2021 நவம்பரில் 15 வயதுப் பையன் ஒருவன் தன் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். அந்தத் துப்பாக்கியை நான்கு நாள் முன்னால் வாங்கியவர் அவன் அப்பா. 2024இல் அப்பா, அம்மா இருவருக்குமே பத்து முதல் பதினைந்து வருடம் வரை சிறைத் தண்டனை கிடைத்தது. பள்ளிப் படுகொலை ஒன்றுக்காக அமெரிக்காவில் பெற்றோர் தண்டிக்கப்பட்டது அதுதான் முதல்முறை.

சரி, மகனுடைய வாதம். என் கருத்தை மறைக்கப் போவதில்லை. 21 வயது என்ற வரம்பு வேண்டும் என்பவள் நான். 2022 மே மாதம் டெக்ஸாஸில் உவால்டி ஊரின் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றவனுக்கு வயது 18. பிறந்தநாள் முடிந்த சில நாளில் ரைஃபிளைச் சட்டப்படி விலைக்கு வாங்கியிருந்தான். ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கிக்கு 18 போதும், கைத்துப்பாக்கியைக் கடைக்காரர் 21க்குக் கீழே விற்கக்கூடாது என்பதுதான் 1968இலிருந்து நாடு முழுக்க இருக்கும் சட்டம். 2018இல் ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் ஊர்ப் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபின் அந்த மாநிலத்தில் எல்லாத் துப்பாக்கிக்கும் 21 என்று ஆக்கினார்கள். கையெழுத்துப் போட்டவர், துப்பாக்கி உரிமையை ஆதரிக்கும் குடியரசுக் கட்சியின் ஆளுநர்.

அதற்காக உங்கள் மகன் பேசுவது விவரமில்லாத பேச்சு என்று எண்ணாதீர்கள். டெக்ஸாஸையும் சேர்த்து விசாரிக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் அவன் கட்சிக்கே தீர்ப்புச் சொன்னது: 18 வயதானவருக்குக் கைத்துப்பாக்கி விற்கத் தடைபோடுவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று. இரண்டே மாதத்தில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபுளோரிடாவின் 21 வயதுச் சட்டம் செல்லும் என்றது. நீதிபதிகளே இரண்டு பக்கமாக நிற்கிற விஷயத்தில், ‘நம் வீட்டுப் பிள்ளை இப்படிப் பேசலாமா’ என்பது ஒரு பதிலே இல்லை. அவன் அந்த நாட்டில் வளர்ந்தவன், அந்த நாட்டில் ஓட்டுப் போடுகிறவன். உவால்டியைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவன் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். ‘உரிமை உரிமை என்கிறாயே, ஆபத்தான மனநிலையில் இருக்கும் நண்பன் ஒருவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைக்க உன் சங்கத்தில் யாருக்காவது தைரியம் உண்டா?’ என்று அப்புறம் கேளுங்கள். இதை நானே அவனிடம் கேட்க ஆசைப்படுகிறேன். ஆனால் இதெல்லாம் அடுத்த வாரம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது வேறு. அப்பாவும் மகனுமாக அந்தத் துப்பாக்கியை எடுத்து, தோட்டாவை வெளியே எடுக்கட்டும். இரண்டையும் தனித்தனியாகப் பூட்டட்டும். சாவியைப் பூஜையறை ஆணியில் மாட்டாதீர்கள். எண் பூட்டு என்றால் யாருடைய பிறந்தநாளும் வேண்டாம். அது வீட்டில் இருக்கவே தேவையில்லை என்பது என் எண்ணம். அதை உங்கள் கணவர் முடிவு செய்யட்டும், பூட்டுவதை மட்டும் தள்ளிப்போட விடாதீர்கள்.

பூட்டிய கையோடு மகளின் கதவைத் தட்டுங்கள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். தூக்கம் வருகிறதா, வாழ்க்கையே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா என்று வாய்விட்டே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்று சொன்னால் அவளைத் தனியே விடாமல் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

உங்கள் கணவர் ஒன்று சொல்வார், எனக்குத் தெரியும்: பூட்டி வைத்தால் திருடன் வரும்போது எப்படி எடுப்பது என்பார். விரல்ரேகைக்கும் எண்ணுக்கும் சில நொடியில் திறக்கும் சின்னப் பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. எது நல்லது, எப்படிப் பொருத்துவது என்பது உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். அப்பாவே அவனிடம் போய்க் கேட்கட்டும்.