எந்தச் சபையில் போய் உட்காருவது?

கேள்வி: எங்களுக்கு நாசரேத் பக்கம் சொந்த ஊர். பரம்பரையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). கணவரின் வேலைக்காகச் சென்னைக்குக் குடிவந்து ஒன்றரை வருடமாகிறது. இன்னும் ஒரு சபையிலும் மனம் ஒட்டவில்லை. இங்குள்ள சி.எஸ்.ஐ. கோயில் நம் ஊர் மாதிரி இல்லை. கணவருக்கும் 13 வயது மகளுக்கும் எந்தத் திருச்சபையின் கீழும் வராத ஒரு பெரிய சுயாதீன சபையின் பாட்டும் பிரசங்கமும் பிடித்துவிட்டது. அங்கே மகளை முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கிறார்கள். மாமியாரோ பாமாலை (நம் ஞானப்பாட்டுப் புத்தகம்) பாடாத இடத்துக்கு வரமாட்டேன் என்கிறார். பல ஞாயிறுகள் யூடியூபிலேயே ஆராதனை முடிந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் ஞானஸ்நான விஷயத்தைப் பேசிவிடுவோம். பாட்டு, பிரசங்கம் எல்லாம் அவரவர் விருப்பம். இது அப்படி விட்டுவிடக்கூடியது இல்லை. குழந்தையில் கொடுத்த ஞானஸ்நானத்தை சி.எஸ்.ஐ. முழுமையானதாக ஏற்கிறது. வளர்ந்தபின் அதே விசுவாசத்தைப் பிள்ளை தன் வாயால் அறிக்கையிடத்தான் திடப்படுத்தல். பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகள் பெரும்பாலும், அறிந்து விசுவாசித்து எடுப்பதே ஞானஸ்நானம் என்பார்கள். நீங்களும் கணவரும் இதில் ஒரு முடிவுக்கு வரும்வரை மகளைத் தண்ணீரில் இறக்கவும் வேண்டாம், அவசரமாகத் திடப்படுத்தல் வகுப்பில் சேர்க்கவும் வேண்டாம். விவரம் தெரிந்த பிள்ளை, அவளையும் கேளுங்கள்.

அடுத்தது, 'நம் ஊர் மாதிரி இல்லை' என்பது. இருக்காதுதான். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று வெவ்வேறு வழியில் வந்தவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். நாசரேத் எஸ்.பி.ஜி. என்ற இங்கிலாந்து மிஷன் வளர்த்த ஆங்கிலிக்கன் மண். சென்னையிலோ வெஸ்லியன் மிஷன், லண்டன் மிஷன், ஸ்காட்லாந்து மிஷன் வழியில் வந்த கோயில்களும் உண்டு. பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் ஆராதனை நடத்துகிற விதத்தில் பழைய வாசனை இருக்கத்தான் செய்யும். அதனால் ஒரே கோயிலைப் பார்த்துவிட்டு முடிவு கட்டாமல் இன்னும் இரண்டொன்று பாருங்கள். ஆனாலும் அசனம் என்ற சபை விருந்தன்று அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் வந்திறங்கி, ஊரே பந்தியில் உட்காருமே, அதை இங்கே தேடாதீர்கள். உங்கள் ஏக்கத்தில் பாதி ஊருக்கானது என்று நினைக்கிறேன்.

கணவருக்குப் பிடித்த சபையையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பாட்டு பிடித்து ஒரு பிள்ளை ஞாயிறு காலையில் தானாக எழுந்து கிளம்புகிறதென்றால் அது சின்ன விஷயமில்லை. ஆனால் நீங்கள் இரண்டு வாரம் போகாவிட்டால் அங்கிருந்து யாராவது போன் செய்வார்களா? மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஜெபிக்க யார் வருவார்கள்? பெரிய சபைகள் பலவற்றில் வீட்டு ஜெபக்குழுக்கள் உண்டு. அதில் சில வாரம் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். காணிக்கைக் கணக்கை யாருக்குக் காட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். சி.எஸ்.ஐ.யில் கமிட்டி, தேர்தல் எல்லாம் உண்டு. அந்தத் தேர்தல் படுத்தும் பாட்டை நாசரேத்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

என் ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சபைக்கு. பிரசங்கம் சுமாராக இருந்தாலும் சரி. மாமியார் ஆட்டோவில் போய்விடலாம், மகள் யாரையும் எதிர்பார்க்காமல் பாட்டுப் பயிற்சிக்குப் போய் வரலாம், ஏதாவது ஒன்று என்றால் அக்கம்பக்கத்து விசுவாசிகள் பத்து நிமிடத்தில் வாசலில் நிற்பார்கள். நல்ல பிரசங்கம் வேண்டுமானால் யூடியூபில் சனிக்கிழமை கேட்டுக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். ஆசீர்வாதம் கூறி முடித்ததும் வண்டியை எடுக்க ஓடாமல் கால் மணி நேரம் நில்லுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். லெந்து நாட்கள், அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் கேரல் என்று ஒரு சுற்று முடியும்வரை வேறு சபை பார்க்க வேண்டாம்.

அதுவரை ஊர்ச் சபையில் சந்தா கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, பிள்ளைக்குக் கல்யாண ஓலை (கோயிலில் சொல்லும் திருமண அறிவிப்பு) வாசிக்கும் நேரத்திலோ அடக்க ஆராதனை நேரத்திலோ 'நீங்கள் எந்தச் சபை?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் திண்டாடுகிறார்கள். சபையை முடிவுசெய்ததும் ஊர்ப் போதகரான சேகரகுருவிடம் மாற்றுக் கடிதமும், மகளின் ஞானஸ்நானச் சான்றும் வாங்கிவிடுங்கள். இதற்காக அசனத்தன்று போய் நிற்காதீர்கள். அன்றைக்கு அவருக்குக் கையெழுத்துப் போட நேரம் இருக்காது.