அண்ணனுக்காக போலீஸைக் கூப்பிடலாமா?

கேள்வி: அண்ணனுக்கு 29 வயசு. மாத்திரைய நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. பத்து நாளா தூங்கல, சோத்துல விஷம் வைக்கிறோம்னு சொல்றாரு. நேத்து அருவாமனைய எடுத்துட்டுப் போயி ரூம்ல தாப்பா போட்டுக்கிட்டாரு. போலீஸுக்குச் சொல்லுங்கன்னு தெருவே சொல்லுது. அம்மாதான் "என் புள்ளய அடிச்சுருவாங்க, லாக்கப்புல போட்டுருவாங்க"ன்னு அழுவுறாங்க. - ஒரு தங்கை, தஞ்சாவூர்

பதில்: அவசரம்ங்கிறதால அன்னைக்கே போன்ல பேசிட்டோம், இதே நிலைல இருக்கிற மத்த வீடுகளுக்காக இங்கயும் எழுதுறேன் தங்கச்சி. கூப்பிடலாம், கூப்பிடணும். ஆனா அம்மாவோட பயமும் நியாயமானது. எங்க மாமாவ கட்டுன லுங்கியோட ஜீப்புல ஏத்தி விடிய விடிய ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வச்சாங்க. இன்னைக்கும் பஸ்ல கண்டக்டர் காக்கிச் சட்டையோட கிட்ட வந்தா அவர் கை நடுங்கும்.

அப்படி வச்சிருக்கவே கூடாது. 2017 மனநலச் சட்டம் 100வது பிரிவு சொல்றது இதுதான்: மனநோயால தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்தா இருக்கிறவர போலீஸ் பாதுகாப்புல எடுக்கலாம், அது கைது இல்ல, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், லாக்கப்புல எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக்கூடாது. ஸ்டேஷனுக்குப் போன் பண்றப்பவே "அண்ணனுக்கு மனநோய், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக உதவி வேணும்"னு சொல்லுங்க, தகராறு பண்றான்னு மட்டும் சொல்லிறாதீங்க, அப்படிச் சொன்னா அவங்க வர்ற தோரணையே வேற.

108க்கும் சொல்லிருங்க. முடிஞ்சா மஃப்டில வரச் சொல்லிக் கேளுங்க, சைரன் வேணாம், வாசல்ல கூட்டத்தயும் செல்போன் வீடியோ எடுக்கிறவங்களயும் கலைக்கச் சொல்லுங்க. கதவுகிட்ட ஒருத்தர் மட்டும் பேசட்டும், அண்ணன் யார் பேச்ச கேப்பாரோ அவர், கதவ விட்டு தள்ளி நின்னு. விஷம் வைக்கலன்னு வாதாட வேணாம், "தூங்கி பத்து நாளாச்சே, டாக்டர பாத்து தூக்கத்துக்கு ஏதாவது கேப்போம்"னு பேசினா போதும். பழைய சீட்டு, மாத்திரை அட்டை, அவரோட செருப்பு எல்லாம் ஒரு பையில எடுத்து வைங்க.

அவசர சிகிச்சை 72 மணி நேரம் வரைக்கும் கொடுக்க சட்டத்துல வழி இருக்கு. நடுவுல என்ன செய்யன்னு தெரியலன்னா 14416க்குப் போடுங்க, டெலி மனஸ்னு அரசாங்கத்தோட மனநல ஆலோசனை எண், ராத்திரிலயும் எடுப்பாங்க, மாடில நின்னு பேசுங்க, அண்ணன் காதுல விழ வேணாம்.

அண்ணன் தெளிஞ்சதும் "நான்தாண்ணே போலீஸுக்குச் சொன்னேன், பயமா இருந்துச்சு"ன்னு நீங்களே சொல்லிருங்க. எங்க வீட்ல யாரும் வாயத் திறக்கல. கூப்பிட்டது எதிர்வீட்டுக்காரர், மாமா ஆறு வருஷம் அத்தைகிட்ட முகம் கொடுத்துப் பேசல.